மீன் குழம்பு செய்யாத குற்றம்

என் அம்மா வைக்கும் மீன் குழம்பு எனக்கு ஒரு நாளும் தீங்கு செய்ததில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிட விரும்புகிறேன். ஏனென்றால், கடந்த எட்டு ஆண்டுகளாக அந்தக் குழம்பை ஒரு கவளம்கூட என்னால் நிம்மதியாக விழுங்க முடியவில்லை. புளியும் வெந்தயமும் சேர்ந்து கொதிக்கும் வாசம் வாசல் கதவுவரை வந்தாலே தொண்டைக்குழி இறுகிக்கொள்கிறது. நாவுக்கடியில் நீர் ஊறத் தொடங்குகிறது. பசியில் ஊறும் நீர் வேறு, வாந்திக்கு முன் ஊறும் நீர் வேறு என்பதை நோயில் படுத்து எழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்கள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில், ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரங்களும் இன்று செம்பனை மரங்களும் சூழ்ந்து நிற்கும் ஊர். அம்மா 22 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், பால் எடுத்துக் கொட்டிவிட்டு வீடு திரும்பும் அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் நிதானமாகச் சமைக்க நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி ஓடுவார். தெங்கிரி கிடைத்தால் தெங்கிரி, இல்லையென்றால் கெம்போங். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் பட்டணத்துத் தாமானில் வரிசை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு மட்டும் மாறவில்லை. எங்கள் வீட்டில் அன்பு என்ற சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மீன் தலையை யார் தட்டில் வைக்கிறார் என்பதைப் பார்த்தால் போதும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஞாயிறு மதியம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாலையில் உடம்பு கனத்தது. இரவில் குளிர் நடுக்கமும் குமட்டலும் சேர்ந்துகொண்டு, விடிவதற்குள் நான்கு முறை வாந்தியெடுத்தேன். காய்ச்சல்தான் என்று எண்ணிப் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். நான்காம் நாள் சிறுநீர் பாலில்லாத கோப்பி-ஓ நிறத்தில் போயிற்று. மறுநாள் காலை பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, வெயிலில் வந்து நின்ற என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். என் கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாக இருந்தது.

இரத்தப் பரிசோதனையில் அது ஹெப்படைட்டிஸ் ஏ என்று தெரிந்தது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்று. நோயாளியின் மலத்திலிருந்து நீர் வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ, உணவு வழியாகவோ மற்றவர் வாய்க்குள் போகிறது. கல்லீரல் வீங்குகிறது, பெரும்பாலோருக்குத் தானே ஆறிவிடுகிறது, ஒரு முறை வந்தவருக்கு ஆயுள் முழுவதும் மறுபடி வருவதில்லை. இவற்றையெல்லாம் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது அவர் இடைமறித்தார். “போன வாரத்த விடுங்க டீச்சர். ஒரு மாசத்துக்கு முன்னால வெளியில என்ன சாப்பிட்டீங்க, அத யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அந்த ஒரு கேள்வியில்தான் என் கணக்கு முழுவதும் புரண்டது. இந்த வைரஸ் உடம்புக்குள் போன நாளிலிருந்து நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகலாம். சராசரி 28 நாள். ஞாயிறு மதியம் சாப்பிட்டது ஞாயிறு இரவில் இந்த நோயைக் கொண்டுவர வழியே இல்லை. வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி மலேசியாவில் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுகளில் ஒன்று என்பதால் சுகாதார அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நாட்காட்டியை எடுத்து வைத்துப் பின்னோக்கி எண்ணியபோது, ஐந்து வாரத்துக்கு முந்தைய பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, நினைவுக்கு வந்தது. தோழிகளோடு தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டு அவித்த கெராங் சிப்பியைக் காரமான சம்பலில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டிருந்தேன். அதுதான் என்று யாரும் நிறுவவில்லை, நிறுவவும் முடியாது. ஆனால் நான் தின்றவற்றில் அந்த நோய்க்கு மிகவும் பொருந்துவது அதுதான் என்று அதிகாரியும் மருத்துவரும் சொன்னார்கள்.

கெராங்கைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். சேற்றுக் கடலில், எங்கள் பேராக் மாநிலத்துக் கோலா செப்பெத்தாங் போன்ற இடங்களில், வளர்க்கப்படும் இந்தச் சிப்பி, நீரை உறிஞ்சி வடிகட்டி அதில் உள்ளதைத் தின்று வாழ்கிறது. நீரில் சாக்கடை கலந்திருந்தால் அதில் உள்ள வைரஸும் சிப்பியின் உடம்பில் செறிந்துவிடும். மனிதரைப் போலவே இதற்கும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு. ஓட்டைத் திறந்ததும் சிவப்பாக வடியும் அந்தச் சாறுதான் ருசி என்று ரசித்து உண்பவர்கள், கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்ததையே கேட்டு வாங்குவார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் சாக வேண்டுமானால் சிப்பியின் உட்புறம் 85 பாகை செல்சியசில் ஒரு நிமிடமாவது வேக வேண்டும். ஓடு சற்று வாய் திறந்ததும் எடுத்துவிடும் சிப்பி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. 1988-இல் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ 300,000 பேருக்கு இந்த நோய் பரவியதற்குச் சரியாக வேகாத சிப்பியே காரணமாக இருந்தது. சிப்புட் என்ற மலாய்ச் சொல்லுக்கே நத்தை, சிப்பி என்றுதான் பொருள். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்த எனக்கு, அந்தச் சிறிய உயிர் எதை உள்ளே வாங்குகிறது என்பது நோயில் விழுந்த பிறகே தெரிந்தது.

மூன்று மாதம் அம்மா என்னைப் பத்தியத்தில் வைத்திருந்தார். விடியற்காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். எண்ணெயை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. இந்த நோய்க்கென்று தனிப் பத்தியம் எதுவும் இல்லை, மதுவைத் தவிர்த்து இறங்குவதைச் சாப்பிட்டால் போதும் என்றும், குமட்டல் பொழுது ஏற ஏறக் கூடும் என்பதால் காலை உணவை நன்றாகச் சாப்பிடும்படியும் மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மா இரண்டையும் சேர்த்தே செய்தார். காலையில் பசியாற இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பார்லி. உடம்பு தேறியது, கண் வெளுத்தது, பள்ளிக்குத் திரும்பினேன். மூன்றாம் மாத முடிவில், பத்தியம் முறிக்கும் நாள் என்று அம்மாவே முடிவு செய்து, பாசாருக்குப் போய் நல்ல தெங்கிரித் துண்டாகப் பார்த்து வாங்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார்.

பள்ளி விட்டு வந்து கேட்டைத் திறக்கும்போதே வாசம் வந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் வயிறு புரண்டது. ஓடிப்போய்க் குழாயடியில் குனிந்து நின்றேன். அம்மா பின்னாலேயே வந்து முதுகைத் தடவிவிட்டார். நான் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. “என் கையால ஆக்கிப் போட்டதாலதான் புள்ளைக்கு அப்படி ஆச்சா?” என்று கேட்டார். இல்லைம்மா, அது கெராங்கு, ஒரு மாதத்துக்கு முன் தின்றது, உங்கள் குழம்பு இல்லை என்று எத்தனை முறை சொல்லியும், என் வாய் சொன்னதை என் உடம்பு மறுத்துக்கொண்டிருந்ததால் அவர் உடம்பைத்தான் நம்பினார். இதில் என்னை மிகவும் வாட்டியது வேறொன்று. அதே வாரம் பசார் மாலாமைக் கடந்து வரும்போது அவித்த கெராங்கின் வாசம் வந்தது; வாயில் எச்சில் ஊறியது, பசியில் ஊறும் எச்சில். குற்றம் செய்ததை நாக்கு விட்டுவிட்டது. செய்யாததைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தேடிப் படித்தபோது ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரின் பெயர் கிடைத்தது. 1955-இல் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், சக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடித்த எலிகளுக்குக் காமாக் கதிர் செலுத்தினார்கள். கதிரால் எலிகளுக்கு உடம்பு சுகமில்லாமல் போயிற்று. அதன் பிறகு அவை இனிப்பு நீரைத் தவிர்த்தன. நீர் எந்தத் தீங்கும் செய்யவில்லை; எலிக்கு அது தெரிய வழியில்லை. 1966-இல் அவரும் இராபர்ட் கோலிங்கும் செய்த இன்னொரு சோதனையில், எலிகள் சுவை நீரைக் குடிக்கும்போதே விளக்கு மின்னவும் ஒலி எழவும் வைத்தார்கள். நோயுற்ற எலிகள் சுவையை வெறுத்தன, விளக்கையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி பெற்ற எலிகளோ விளக்கையும் ஒலியையும் அஞ்சின, சுவையைக் குற்றம் சொல்லவில்லை. குமட்டல் வந்தால் குற்றவாளி வாய் வழியாக வந்த ஏதோ ஒன்றுதான் என்று உடம்பு பிறவியிலேயே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஒரே ஒரு முறை நடந்தால் போதும். உண்டதற்கும் நோவுக்கும் நடுவே சில மணி நேரம் போயிருந்தாலும் போதும். நஞ்சுக் கிழங்கையோ காளானையோ தின்று பிழைத்த உயிர் அதை மறுபடி தொடாமலிருக்க இந்த அவசரத் தீர்ப்பு உதவியிருக்கும். ஆனால் அந்த நினைவு மணிக்கணக்கைத்தான் அறியும். 28 நாள் கணக்கை அறியாது.

அன்றிலிருந்து வெளியே சாப்பிடப் போகும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளப் பழகினேன். என் நாக்கு இதைத் தாங்குமா என்பது ஒன்று. இது நலமான உணவா என்பது மற்றொன்று. முன்பு இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தேன். ஆற அமர யோசித்தால், மீன் குழம்பு போல நலமான உணவு கடையில் அதிகம் இல்லை: புளி சேர்ந்து, நெடுநேரம் கொதித்து, சூட்டோடு இறங்குவது. கெராங்கோ வாய்க்கு இனிக்கிறது, வயிற்றுக்கு ஆகாது. இந்த நோய் எனக்கு மறுபடி வராது என்றாலும் அரைவேக்காட்டுச் சிப்பியில் வரக்கூடிய நோய்கள் வேறு இருக்கின்றன.

பட்டணத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் சமையற்கட்டை விட்டுத் தள்ளி, ஐந்தடி நடைபாதையை ஒட்டிய மேசையில் உட்காருவேன்; அங்கே காற்று வெளியிலிருந்து உள்ளே வரும். பரிமாறுபவர் குழம்பு வாளிகளோடு வருவதற்கு முன்பே, “தம்பி, எனக்கு மீன் கறி வேண்டாம், அந்தக் கரண்டியும் பருப்புல படாம ஊத்துங்கப்பா, வாசம் ஒத்துக்கல” என்று சொல்லிவிடுவேன். சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை கூச்சப்பட்டு, இலையின் ஓரத்தில் ஒதுக்கி, பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு வந்திருக்கிறேன். கடைக்காரரிடம் “எது நல்லா இருக்கும்?” என்று கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார், அதில் தவறில்லை. “இப்பத்தான் எத இறக்குனீங்க அண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள், நேராக அந்தச் சட்டியைக் காட்டுவார்.

இறக்கிய நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் ஊர் வெயிலில் அந்த இரண்டு மணி நேரமே அதிகம். கலந்த சோற்றுக் கடையில் நாசி சம்பூர் தட்டுகளை வரிசையாக வைத்திருப்பார்கள்; பதினொன்றரைக்குப் போனால் கறியிலிருந்து ஆவி எழும், எண்ணெய் அங்கங்கே குமிழியாக அசையும். இரண்டரைக்குப் போய்ப் பாருங்கள்: அதே கறியின் மேல் எண்ணெய் ஒரே தகடாகப் படிந்திருக்கும், கரண்டியை விட்டால் அந்தத் தகடு கிழிந்து மறுபடி மெதுவாகச் சேரும். அந்தத் தகட்டைப் பார்த்தால் நான் சாப்பிடுவதில்லை, மெல்லத் திரும்பி மாமாக் கடைக்குப் போய், கண்ணெதிரே கல்லில் போட்டெடுக்கும் ரொட்டி சானாயோ, கொதிக்கும் சூப்பில் போட்டுத் தரும் மீ நூடுல்ஸோ கேட்பேன். காலையில் கட்டி வைத்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிற்பகலில் வாங்குவதில்லை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேக வைத்தாலும் சாகாமல் தங்கும்; சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும்; பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது.

கண்ணும் மூக்கும் நாக்கும் கொண்டு சோதித்துச் சாப்பிடச் சொல்லி நமது சுகாதார அமைச்சு நெடுநாளாகச் சொல்லி வருகிறது. கெட்டுப்போன தேங்காய்ப்பால் சாந்தானையும் ஊசிப்போன கறியையும் அது காட்டிக்கொடுக்கும், செய்ய வேண்டியதுதான். ஆனால் வைரஸுக்கு வாசம் இல்லை. ஹெப்படைட்டிஸ் ஏ உள்ளவர் கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் மற்றவருக்கு நோயை அதிகம் பரப்புகிறார். அப்போது அவரே தன்னை நோயாளி என்று அறியமாட்டார். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; ஆனால் அந்த ஊசி டைபாய்டுக்கு மட்டும்தான். ஆகவே கடையின் சுவரில் மாட்டிய ஏ, பி, சி தரச் சான்றிதழைப் பார்த்த கையோடு, கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் இருக்கிறதா, காசு வாங்கிய கையே பச்சை வெங்காயத்தை அள்ளிப் போடுகிறதா என்பதையும் பார்க்கிறேன். சவர்க்காரம் இல்லாத கடையில் வெள்ளரிக்காயும் நறுக்கிய பழமும் கேட்பதில்லை. கொதித்தது மட்டும் கேட்பேன். ஹெப்படைட்டிஸ் ஏ-க்குத் தடுப்பூசி உண்டு. வீட்டில் மற்ற அனைவரையும் போட்டுக்கொள்ள வைத்தேன்.

இனி நான் சொல்லப்போவது விருந்துக்கு அழைப்பவர்களுக்கு. நோயிலிருந்து எழுந்தவர் ஒரு பதார்த்தத்தை ஒதுக்கினால் “கொஞ்சம் சாப்பிட்டுப் பாரேன், ஒண்ணும் ஆகாது” என்று வற்புறுத்தாதீர்கள். அவர் ஒதுக்குவது செல்லமும் அல்ல, சமைத்தவரை அவமதிப்பதும் அல்ல. வற்புறுத்தி ஊட்டிய கவளம் வாந்தியில் முடிந்தால், உடம்பு தன் தீர்ப்பை மறுபடி எழுதிக்கொள்கிறது. என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டபோது, அவர் மனம் குளிர வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்குப் போகும் வழியில் அவருக்கு மிகவும் பிடித்த கோழிப் பிரட்டலை அவருடைய கணவர் வாங்கிக் கொடுத்து வந்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு அவரால் அதைப் பார்க்கவும் முடியவில்லை. 1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், கீமோதெரபிக்கு முன் புதிய சுவையுள்ள ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை வெறுத்ததைக் காட்டினார். 1987-இல் அவரும் உடன் ஆய்ந்தவரும், உணவுக்கும் சிகிச்சைக்கும் நடுவே அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தால், வெறுப்பின் பெரும்பங்கு அந்த மிட்டாயின் மேல் இறங்கி, உணவு தப்பிக்கிறது என்றும் கண்டார்கள். பிடித்த பண்டத்தை அந்த நாளில் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருக்கலாமே என்று அந்தக் கணவர் பின்னர் என்னிடம் சொல்லிக் கலங்கினார். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர் செய்திருப்பார்.

வெறுப்பு தானாகவும் தேயும், துணைக்கு ஆளிருந்தால் விரைவாகவும் தேயும். உடம்பு சுகமாக இருக்கும் நாளில், மிகச் சிறிதளவாக, அடுத்து எந்த நோவும் வராமல், பல முறை உண்டால் பழைய நினைவின் மேல் புதிய நினைவு படிகிறது. ஆறிய உணவில் வாசம் குறைவு என்பதால் ஆறியதில் தொடங்குவது எளிது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு அவரே ஒரு வழி கண்டார். முதல் ஆறு மாதம் மீனே இல்லாமல் வெறும் மாங்காய்ப் புளிக்குழம்பு, வெந்தயம் போடாமல். அப்புறம் மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்த கெம்போங், தனியாக. கடந்த ஆண்டுதான் பொரித்த மீனின் மேல் அந்தப் புளிக்குழம்பை ஒரு தேக்கரண்டி விட்டார்; விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், தொண்டை இறுகியது, ஆனால் எழுந்து ஓடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

வெந்தயத்தைத் தாளிப்பதுதான் இன்னும் மிச்சம். நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால், அம்மா தன் குழம்புக்கான தாளிப்பைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தனியடுப்பில் செய்துகொண்டு, நடுவில் உள்ள கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுவார். 72 வயதில், சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கி ஏறுவார். நேற்று அவரிடம், வரும் ஞாயிறு உள்ளேயே தாளியுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள், நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “குமட்டுனா?” என்று கேட்டார். குமட்டினால் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, எந்த மீன் வாங்கட்டும் என்று கேட்டார்.